கேஸ் எத்தனை நாள் வரும்? தராசில் தூக்கிப் பார்த்த கணக்கு

ஒரு சிலிண்டர் உங்கள் வீட்டில் எத்தனை நாள் ஓடும் என்று கிராம் கணக்கில் சொல்லத் தெரியாவிட்டால், ஏஜென்சி மேசைக்கு முன்னால் உங்கள் பேச்சு எடுபடாது. எனக்கு எடுபடவில்லை. அந்த ஆத்திரத்தில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒற்றை சிலிண்டர் இணைப்பு. கேஸ் வண்டி வாரம் ஒருமுறை வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் தவறும். வழக்கமாக ஒரு மாதத்தைத் தாண்டும் சிலிண்டர், போன மழைக்காலத்தில் மூன்று வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. டியூபிலும் ரெகுலேட்டரிலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்தோம், கசிவு இல்லை. அப்புறம் வண்டி வரும்வரை சீமைக்கருவேல விறகுதான், அதுவும் ஈர விறகு. மாமியாருக்கு ஏற்கெனவே இளைப்பு. புகையில் அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல்தான் பஸ் ஏறி ஏஜென்சிக்குப் போனேன்.

மேசையில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மழைக்காலத்துல வெந்நீர் வைப்பீங்க, சீக்கிரம்தான் தீரும்" என்றார். எங்கள் வீட்டில் வெந்நீர் வைப்பதில்லை என்றேன். "சரிம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு எரியுது? அதச் சொல்லுங்க. அதுவே தெரியாம கேஸ் குறைஞ்சு வந்துச்சுன்னா எப்படி? சீல் உடைச்ச சிலிண்டருக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பஸ் காசும் அன்றைய பொழப்பும் போனதுதான் மிச்சம்.

அவர் கேட்ட விதம்தான் சரியில்லை, கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடத் தொடங்கியபோதுதான், ஊரில் ஆளாளுக்குச் சொல்லும் வழிகளில் பாதி உதவாது என்று புரிந்தது.

கடைகளில் முள் வைத்த ஒரு மீட்டர் விற்கிறார்கள், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்டு. வாங்காதீர்கள். அது காட்டுவது அழுத்தத்தை. சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து திரவமாக இருக்கின்றன. அந்தத் திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் மேலே உள்ள அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். வெயிலில் முள் ஏறும், குளிரில் இறங்கும், எவ்வளவு மிச்சம் என்று மட்டும் சொல்லாது. பச்சையில் முள் நிற்கும்போதே இன்னும் நாலு நாளில் தீரப்போகிற சிலிண்டரும் இருக்கும்.

தீ மஞ்சளாக எரிந்தால் கேஸ் தீரப்போகிறது என்பார்கள். மஞ்சள் தீ என்றால் காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். நம் கடற்கரையில் உப்புக் காற்றில் பர்னர் துளைகள் சீக்கிரம் துருப்பிடித்து அடைபடும். பாத்திரத்தின் அடி கறுத்தால் முதலில் பர்னரைக் கழற்றிக் குத்தூசியால் சுத்தம் செய்யுங்கள்.

ஈரத்துணியால் துடைத்து, எந்த உயரம் வரை காயாமல் இருக்கிறது என்று பார்க்கும் வழி பரவாயில்லை. ஆனால் மழை நாளில் எங்கள் ஊரில் துவைத்த துணியே காயாது, சிலிண்டர் எங்கே காயும்? அந்த நாட்களில் வேறொன்று தெரியும். அரிசி, குழம்பு, பொரியல் என்று ஒரு பெரிய சமையல் முடிந்த உடனே சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். கீழ்ப்பகுதி குளிர்ந்து வியர்த்திருக்கும், மேலே காய்ந்திருக்கும். திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் வருவது அந்த வியர்வை. அது நிற்கிற இடம்தான் கேஸ் நிற்கிற இடம். குத்துமதிப்புக்கு இது போதும்.

சிலிண்டரைப் படுக்க வைப்பதும், அடியில் வெந்நீர்ச் சட்டி வைப்பதும் மட்டும் வேண்டவே வேண்டாம். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும், பெரிய ஆபத்து. குளிரில் கேஸ் உறைந்து அடியில் தங்கிவிடுகிறது என்ற பேச்சும் நம் பக்கத்துக்குப் பொருந்தாது. பியூட்டேன் ஆவியாக மறுப்பது பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில்தான். புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். மார்கழி வாடையில் அவ்வளவு குளிர் ராமநாதபுரம் கரைக்கு எங்கிருந்து வரும்?

கடைசியில் கை கொடுத்தது தராசுதான். என் கொழுந்தன் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே கொக்கி வைத்த எலக்ட்ரானிக் தூக்குத் தராசு உண்டு, 50 கிலோ வரை தாங்கும். வேலை முடிந்த நேரத்தில் அதை எடுத்து வந்தார். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரின் மேல்வளையத்தில் கயிறு கட்டி, தராசை உலக்கையில் மாட்டி, ஆளுக்கொரு முனையைத் தூக்கினோம். எண் ஆடி ஆடி 22.6ல் நின்றது.

அடுத்தது காலி எடை. வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் எழுதியிருக்கும். எங்கள் சிலிண்டரில் துருவும் பெயின்ட்டும் மூடிக் கிடந்தது. தேங்காய் நாரால் தேய்த்த பிறகுதான் 15.8 என்று தெரிந்தது. 22.6ல் 15.8 போனால் மிச்சம் 6.8 கிலோ. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் காலி எடை ஒன்றுபோல இருக்காது, ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

பத்து நாள் விட்டு மறுபடி தூக்கியதில் 4 கிலோ குறைந்திருந்தது. ஆக, ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு நாளுக்கு 400 கிராம். முழு சிலிண்டரில் இருக்க வேண்டிய 14.2 கிலோ கேஸும் இருந்தால் 35 நாள். மூன்று வாரத்தில் தீர்ந்தது என்றால் எங்கோ இடிக்கிறது என்று இப்போது என்னால் கணக்கோடு சொல்ல முடிகிறது.

தராசு கிடைக்காதவர்கள் அடுப்பை வைத்தும் கணக்குப் போடலாம். பெரிய பர்னர் முழுத்தீயில் மணிக்குச் சுமாராக 150 முதல் 200 கிராம் குடிக்கும். அப்படிப் பார்த்தால் முழு சிலிண்டர் எழுபதிலிருந்து தொண்ணூற்றைந்து மணி நேரம் எரியும். உங்கள் வீட்டில் பர்னர் எவ்வளவு நேரம் எரிகிறது என்று ரெண்டு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால் போதும். சிம்மில் எரியும் நேரத்துக்கு அதில் பாதியை விடவும் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 400 கிராமும் வருஷம் முழுக்க ஒன்றுபோல இருக்காது. ஆண்கள் படகில் போகும் நாட்களில் சமையலும் அங்கேதான், வீட்டில் செலவு குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் வீட்டில்தான், நாலு தடவை டீ, மூணு வேளை சோறு, 500ஐத் தாண்டிவிடும். ஆடியில் கச்சான் காற்று ஜன்னல் வழியாக அடித்துத் தீயைச் சாய்க்கும், அப்போதும் கூடும். போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது, உப்பு அப்படி. காசு கொடுத்து வாங்கும் குடத்துத் தண்ணீரைப் பருப்புக்கு மட்டும் ஊற்றினேன். குக்கர் விசில் பாதியாகக் குறைந்தது.

புக்கிங் எப்போது போடுவது என்பதுதான் அடுத்த சிக்கல். எங்கள் இணைப்பு என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, டெலிவரிக்கான ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். கடலுக்குப் போக விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்கும் நாளும் கேஸ் வண்டி வரும் நாளும் ஒன்றாக விழுந்தால், போன் நடுக்கடலில் இருக்கும். அப்படி ஒருமுறை வாசல் வரை வந்த சிலிண்டர் திரும்பிப் போனது. நம்பரை மாற்றலாம் என்றால் முதலில் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு, அதற்கு அவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். அவர் போனார். வலைக்கயிறு இழுத்துத் தேய்ந்த விரல், மெஷினில் ரேகை விழவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனியின் செயலியில் முகத்தைக் காட்டி கேஒய்சி முடிக்கலாம் என்று அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லி, வீட்டிலிருந்தே ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கடல் தொழில் பார்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்பரும் இப்போது என்னுடையதாக மாறிவிட்டது.

வண்டி ஒரு வாரம் தவறலாம் என்று வைத்து, 4 கிலோ மிச்சம் இருக்கும்போதே புக் செய்துவிடுகிறேன். எங்களுக்கு அது பத்து நாள் கெடு.

தை மாதம் வந்த சிலிண்டரை வாசலிலேயே எடை போடச் சொன்னேன். வண்டியில் தராசு இருக்க வேண்டும், கேட்டால் சீல் உடைக்கும் முன் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது விதி. "ஸ்கேல் எடுத்து வரலக்கா" என்றார் வண்டியில் வந்த தம்பி. கொழுந்தன் கொண்டுவந்த தராசை எடுத்து வந்தேன். காலி எடை 15.9, ஆக 30.1 காட்ட வேண்டும். முன்னே பின்னே 150 கிராம் வரை பரவாயில்லை. தராசு 28.3ல் நின்றது. கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, எங்களுக்கு நாலு நாள் சமையல். தம்பி ஒன்றும் பேசாமல் வண்டிக்குப் போய் வேறொன்றை உருட்டி வந்தார். அதையும் தூக்கினோம், சரியாக இருந்தது. தெருவில் மற்றவர்களும் அன்றைக்குத் தங்கள் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

எடை பார்க்கும்போதே பட்டையில் உள்ள, சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடுத் தேதியையும் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் வரை, பக்கத்தில் வருஷம். தாண்டியிருந்தால் வாங்க வேண்டாம். அடிவளையம் உப்பில் அரித்திருந்தாலும் மாற்றிக் கேளுங்கள். வீட்டில் ஈரத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைத்தால் துரு ஏறுவது குறையும். கேஸ் வாசனை வந்தால் ஏஜென்சிக்காகக் காத்திருக்காமல் 1906க்கு அடியுங்கள்.

ரெண்டாவது சிலிண்டருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தடைக்காலம் தொடங்குவதற்குள் வந்துவிட்டால் நல்லது.