நிலத்தடியில் வெறும் நெற்றி

ஊரிலிருந்து புறப்படும்போது திருகோணமலைக் கோணேசர் கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து அம்மா என் பெட்டிக்குள் வைத்திருந்தார். கனடாவின் சட்பரியில் முதன்முதலாகச் சுரங்கத்தில் இறங்கிய அன்று அதைப் பூசிக்கொண்டு போனேன். 2 கிலோமீட்டர் ஆழத்தில், ஸ்னோலாப் ஆய்வுகூட வாசலில், மூத்த பொறியியலாளர் ஒருவர் என் நெற்றியைக் காட்டி, "அதைக் கழுவிவிடுங்கள்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

விதி சரியானது. உள்ளே போகும் எவரும் குளித்து உடை மாற்ற வேண்டும். சுரங்கத் தூசியில் யுரேனியமும் தோரியமும் உண்டு. சாம்பலில் கதிர்வீசும் பொட்டாசியம்-40 உண்டு. விண்ணிலிருந்து பொழியும் மியூவான் துகள்களுக்குத் தப்பத்தான் இத்தனை பாறைக்கு அடியில் கரும்பொருளை, அண்டத்தில் நிறைந்திருந்தும் ஒளி தராத அந்தப் பொருளை, தேடுகிறோம். கதிர்வீச்சை நாமே சுமந்து போகலாமா?

திரவ ஆர்கானில் தோன்றும் ஒளியைப் பதிவு செய்யும் மின்னணுப் பலகைகளை வடிவமைப்பது என் வேலை. கரும்பொருள் மோதி ஆர்கான் அணுக்கரு உதைபட்டால் ஒளியின் பெரும்பகுதி சில நானோ வினாடிகளில் அடங்கிவிடும். சாதாரணக் கதிர்வீச்சு எலக்ட்ரானை உதைத்தால் மைக்ரோ வினாடிக்கு மேலும் இழுபடும். அந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. அது இரைச்சலில் கரையாதிருக்கப் பெருக்கியை ஒளியுணரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். அப்படியானால் பெருக்கியும் கதிர்வீசக் கூடாது. அரிசிக் குறுணை அளவான பீங்கான் மின்தேக்கிகளைக்கூட கதிர்வீச்சை அளக்கும் ஜெர்மானியம் கருவிக்குள் நாட்கணக்கில் வைத்து அளந்த பிறகே பலகையில் ஏற்றுகிறோம். தேறாதவையே அதிகம். தேறிய ஒன்று கிடைக்கும் நாளில் எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

மூன்று ஆண்டுகளில் எல்லாம் பழகிவிட்டது: விடிகாலையில் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு, தலைவிளக்கு, ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. குளியல் மட்டும் இன்னும் பழகவில்லை. அந்த ஆழத்தில் பாறையின் இயல்பான வெப்பமே 42 பாகை. சுடுநீர் தலையில் விழுந்ததும் நான் எங்கள் ஊர்க் கன்னியா வெந்நீரூற்றில் நிற்கிறேன். ஏழு கிணறுகள், ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. வாளியால் அள்ளி அள்ளி வார்த்துவிட்டு, அம்மா துவாயால் தலையைத் துவட்டி, ஈரம் காயுமுன் திருநீறு பூசிவிடுவார். குளித்தால் அடுத்தது திருநீறு. இங்கே கை பழக்கத்தில் நெற்றிவரை போய்த் திரும்புகிறது.

"ஏன் மகன், வெறும் நெற்றியோடு நிற்கிறாய்?" என்று போன கிழமை வீடியோ அழைப்பில் அம்மா கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேலே வந்தவுடன் பூசு" என்றார்.

அப்படியே செய்கிறேன். பொட்டலத்தில் கொஞ்சம்தான் மிச்சம். சித்தப்பா அடுத்த மாதம் டொரொண்டோ வருகிறார். இன்னொன்று கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.