முதல் மான்ஸ்டர் டிரக் வாங்கும் முன் ஆர்ம் கிடைக்குமா என்று கேளுங்கள்

என் மேசை இழுப்பறையில் உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று நான்கு ஆண்டுகளாகக் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். ரிமோட்டில் ஓடும் குட்டி லாரியின் முன்சக்கரத்தை அதன் அடிச்சட்டமான சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கை அது, இந்த ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) வண்டிகளை ஓட்டுகிறவர்கள் ‘ஆர்ம்’ என்றே சொல்வார்கள். கீல் கம்பி நுழையும் துளையை ஒட்டி அது முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துப் போயிருப்பதை இன்றும் பார்க்கலாம். அந்தத் துண்டின் விலை அதிகம் போனால் 200 ரூபாய். அது கிடைக்காத காரணத்தால், 16,000 ரூபாய் கொடுத்து வாங்கிய என் முதல் மான்ஸ்டர் டிரக் ஏழு வாரம் பீரோவின் மேல் நின்றது.

போன மாதம் பெங்களூர் அல்சூரில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டு நண்பர் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: “சார், பொண்ணு ஏழாவது படிக்கிறா. சாதாரண ரிமோட் காரெல்லாம் வேண்டாமாம், மான்ஸ்டர் டிரக்தான் வேணுமாம். எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது. எத வாங்கலாம்?” அன்று மாலை மொட்டைமாடியில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தொடங்கியபோது யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்த ஏழு வாரம் வீணாகியிருக்காது.

அந்தப் பெண் கேட்டது சரியான வண்டிதான் என்று முதலில் சொன்னேன். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் தமது 1974ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 வண்டியைப் பெரிய சக்கரங்களோடு உயர்த்திக் கட்டி ‘பிக்ஃபுட்’ என்று பெயரிட்டார். பழைய கார்களின் மேல் ஏறி நசுக்கிச் செல்லும் அந்த வகை வண்டிகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட லஞ்ச் பாக்ஸ், கிளாட் பஸ்டர் போன்ற ஆர்.சி. வண்டிகள் அந்த உருவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தன. உருவம் வேடிக்கையாக இருந்தாலும் அதில் புதியவருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ரேஸ் வகைக் கார்களுக்கு வழவழப்பான தரை வேண்டும். கூழாங்கல் ஒன்று போதும், அடிப்பகுதி தட்டிவிடும். மான்ஸ்டர் டிரக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும், டயர்கள் காற்றடைத்த பந்து போல உப்பியிருக்கும். பெங்களூரில் நமக்குக் கிடைக்கிற தரை என்ன? ஜல்லி கொட்டிய காலி சைட்டு, புல் பாதி காய்ந்த பள்ளி மைதானம், மழை பெய்தால் சேறாகும் செம்மண். இவை எல்லாவற்றிலும் ஓடக்கூடிய வகை இது. உயரமாக இருப்பதால் வேகமாகத் திருப்பினால் கவிழும் என்பது உண்மை. ஆனால் வேகத்தைக் குறைத்த பிறகே திருப்ப வேண்டும் என்ற பழக்கத்தை அந்தக் கவிழ்தலே இரண்டு நாளில் கற்றுத் தந்துவிடுகிறது.

கடையில் பொம்மை வண்டியும், பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கான ஹாபி வண்டியும் ஒரே மாதிரி பெட்டியில் ஒரே அலமாரியில் இருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்க்காமல், ரிமோட்டில் உள்ள ஸ்டியரிங் சக்கரத்தை மிக இலேசாகத் திருப்பிப் பாருங்கள். வண்டியின் முன்சக்கரங்களும் இலேசாகத் திரும்பினால் அது ஹாபி வகை. தொட்டதும் ஒரேயடியாக ஓரத்துக்குப் போய் நின்றால் பொம்மை. வேகத்தைக் கூட்டும் விசைக்கும் இதே சோதனை பொருந்தும். பொம்மையில் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். நடுவில் எதுவும் இருக்காது. அதை ஓட்டி வண்டி ஓட்டக் கற்க முடியாது.

அடுத்தது வேகம். புதிதாக வாங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நானும் இதைத்தான் கேட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றார்கள், மனம் மயங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல். நான் ஓட்டுகிற மைதானம் சுவருக்குச் சுவர் ஏறக்குறைய 50 மீட்டர். முழு வேகத்தில் விட்டால் மூன்று நொடியில் எதிர்ச் சுவர் வந்துவிடும். வண்டி என்னை நோக்கி வரும்போது வலமும் இடமும் மாறித் தெரிவதை மூளை சரிசெய்வதற்கே ஒரு நொடி போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இழுப்பறையில் இருக்கும் ஆர்ம் முறிந்தது அப்படித்தான்: வாங்கிய மூன்றாம் நாள், நேர்கோட்டில், கட்டைச் சுவரில். ஆகவே எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதற்கு முன்னால், ஓட்டப்போகும் இடத்தைக் காலால் அளந்து வாருங்கள். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் போகும் வண்டி ஒரு பள்ளி மைதானத்துக்குத் தாராளம்.

இந்தக் காரணத்தாலேயே முதல் வண்டிக்கு பிரஷ்டு மோட்டார் போதும் என்று நினைக்கிறேன். பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ் இல்லை, ஆற்றலும் அதிகம், ஆயுளும் அதிகம், எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆற்றலைத் தாங்குவதற்கு கியர், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் எல்லாமே வலுவாக இருக்க வேண்டும். விலை குறைந்த பிரஷ்லெஸ் வண்டிகளில் மோட்டாருக்குப் பணம் போட்டுவிட்டு, மற்றவற்றில் மிச்சம் பிடித்திருப்பார்கள். பிரஷ்டு மோட்டார் தேய்ந்தால் புதியது மாற்றுவது கால்மணி நேர வேலை. மோட்டார் சூடாகிறதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: ஓட்டி நிறுத்தியதும் அதன் மேல் விரலை வைத்து மூன்று எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் ஓய்வு கொடுக்க வேண்டும். உயரமான புல்லில் ஓட்டினால் இந்தச் சூடு மிக விரைவில் வந்துவிடும்.

பேட்டரி விஷயத்தில் நண்பர் பயந்திருந்தார். செய்திகளில் தீப்பிடித்த பேட்டரிகளைப் பார்த்திருக்கிறார். பயம் நியாயமானது, ஆனால் அதற்கு விடை இருக்கிறது. குழந்தை தானே சார்ஜ் போடப்போகிறாள் என்றால் 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் தொடங்கலாம். அது கனமானது, சற்று மந்தமானது, ஆனால் கவனக்குறைவை மன்னிக்கும். பெரியவர் பொறுப்பில் இருக்குமென்றால் இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்கலாம். லிப்போவை ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன்செய்யும் பேலன்ஸ் சார்ஜரில்தான் போட வேண்டும், 4.2 வோல்ட்டுக்கு மேல் ஒரு செல் போகக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். தலையணை போல உப்பிவிட்ட பேட்டரியை ‘இன்னும் ஒரு தடவை’ என்று சார்ஜில் போடவே கூடாது. எத்தனை நேரம் ஓடும் என்றும் கேட்டார். 3000 எம்.ஏ.எச்., அதாவது 3 ஆம்பியர்-மணி, கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து வண்டி சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் 18 நிமிடம். அதனால் வண்டியோடு இரண்டாவது பேட்டரியையும் முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது.

இப்போது அந்த ஆர்முக்கு வருகிறேன். அது முறிந்ததும் முதலில் பசை போட்டு ஒட்டினேன். அடுத்த ஓட்டத்திலேயே விட்டது. விற்றவரைக் கேட்டேன், “வந்தால் சொல்கிறோம்” என்றார், வரவே இல்லை. ஒரு சனிக்கிழமை அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். பெங்களூரில் மின்னணுச் சாமான் எதுவானாலும் கடைசியில் அந்தத் தெருவுக்குத்தான் போய் நிற்போம். நான்கைந்து கடை ஏறி இறங்கிய பிறகு, டிரோன் சாமான் விற்கும் ஒரு சிறிய கடையில், வேலூர்ப் பக்கத் தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “தம்பி, பேரிங் வேணுமா, இருக்கு. மோட்டார், சர்வோ, ஒயரு, கனெக்டரு, எல்லாம் இருக்கு. அதெல்லாம் எந்த வண்டிக்கும் பொதுவான அளவு. இந்தக் கை மட்டும் அந்த வண்டிய செஞ்சவன்தான் குடுக்கணும். இது எங்க கெடைக்கும்னு கேட்டுட்டு இல்ல நீங்க வண்டிய வாங்கியிருக்கணும்?”

இந்த ஆண்டுகளில் நான் கேட்டவற்றிலேயே மிகப் பயனுள்ள பேச்சு அதுதான். ஒரு ஆர்.சி. வண்டியில் உள்ள பாகங்கள் இரண்டு சாதி. 540 அளவு மோட்டார், முன்சக்கரங்களைத் திருப்பும் வழக்கமான அளவு சர்வோ, 5க்கு 11 மில்லிமீட்டர் பேரிங், 12 மில்லிமீட்டர் அறுகோணச் சக்கர ஹப், எக்ஸ்.டி.60 கனெக்டர் போன்றவை பொதுச் சந்தைச் சரக்கு, யாரிடமும் வாங்கலாம். ஆர்ம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், மோட்டாரின் சிறு பல்சக்கரம் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர், டிஃபரன்ஷியல் கியர், டிரைவ் ஷாஃப்ட், பம்பர் ஆகியவை பெரும்பாலும் அந்தந்த மாடலுக்கே உரியவை. அதிகம் உடைவது இந்த இரண்டாவது சாதிதான். எனவே ஒரு வண்டியை மனத்தில் முடிவு செய்ததும் பணத்தை எடுக்காதீர்கள். முதலில் அதன் பாகப் படத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு திருகையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி எண் போட்ட வரைபடம் நல்ல நிறுவனங்கள் எல்லாவற்றிடமும் இருக்கும். மேலே சொன்ன ஆறு பாகங்களின் எண்ணையும் குறித்துக்கொண்டு, அவை இந்தியாவுக்குள்ளேயே, இன்றைய தேதியில், கையிருப்பில் உள்ளனவா என்று கடைக்காரரைக் கேளுங்கள். “வரவழைத்துத் தருகிறோம்” என்ற பதிலை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பாகத்தின் விலையைவிடத் தபால் செலவும் சுங்க வரியும் கூடிவிடும்.

நான் இரண்டாவதாக வாங்கியது அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்டாம்பீட், பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள பிரஷ்டு வகை. விலை முதல் வண்டியைவிட மிக அதிகம். அதை மறைத்துப் பேசுவதில் பொருள் இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் ரஸ்ட்லர், ஸ்லாஷ் வண்டிகளோடு அதன் பல பாகங்கள் பொதுவானவை, ஆகையால் கிடைப்பதும் எளிது. அதன் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் விசையைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி முறை ஒன்றும் உண்டு. குழந்தைகளின் கையில் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை. நான்கு சக்கர இயக்கம் சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்றாலும், முன்பக்கம் இன்னொரு டிஃபரன்ஷியலும் நடுவில் ஒரு ஷாஃப்ட்டும் சேர்வதால் பராமரிப்பும் கூடுகிறது. புதியவருக்குக் குறைந்த பாகங்களே நல்லவை என்பது என் கருத்து. பொறுமை உள்ளவர்கள் டமியாவின் லஞ்ச் பாக்ஸ் கிட்டை வாங்கித் தாமே கோத்து முடிக்கலாம். ரேடியோவும் பேட்டரியும் தனியாக வாங்க வேண்டியிருக்கும், ஆனால் கோத்து முடித்தவருக்கு வண்டிக்குள் தெரியாத இடமே இருக்காது.

அலுமினிய ஆர்ம் போட்டால் உடையாதே என்று நண்பர் கேட்டார். அதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். அலுமினியம் அந்த அடியை அப்படியே அடுத்த பாகத்துக்கு அனுப்பும். 200 ரூபாய் ஆர்முக்குப் பதில் அது திருகப்பட்டிருக்கும் சேசிஸ் பகுதியே பிளந்தால் வேலையும் செலவும் பல மடங்கு.

நண்பர் இரண்டு வாரம் பாக எண்களோடு மூன்று கடைகளுக்குப் போன் போட்டு, கடைசியில் அசல் வண்டியில் பத்தில் ஒன்று அளவுள்ள ஒரு பிரஷ்டு வண்டியையும், ஒரு ஜோடி முன் ஆர்மையும், ஒரு ஸ்பர் கியரையும், இரண்டு பேட்டரிகளையும் ஒரே பில்லில் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆட வருவதற்கு முன்னால், மூவரும் மைதானத்துக்குப் போனோம். ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், பிறகு வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, பிறகு ரிமோட் என்ற வரிசையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், வண்டி கட்டுப்பாடில்லாமல் ஓடிவிடாமல் இருக்க அது முக்கியம். தெருநாய் ஒன்று துரத்தி வந்தபோது அவள் வேகத்தைக் கூட்டாமல் நிறுத்திவிட்டாள். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பத்தாவது நிமிடத்தில் இடது பின்சக்கரம் தனியாகக் கழன்று உருண்டது. புது வண்டியில் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல மறந்தது என் தவறு. அவள் குந்தி உட்கார்ந்து செம்மண்ணைக் கையால் தள்ளித் தள்ளித் தேடினாள்; முதலில் நட்டு கிடைத்தது, பிறகு அந்த அறுகோண ஹப், கடைசியில் ஹப்புக்குள் குறுக்கே நிற்கும், தீக்குச்சியில் பாதிகூட இல்லாத இரும்பு ஊசி. ஊசியைப் பாவாடையில் துடைத்து என்னிடம் நீட்டி, “அங்கிள், இது தொலைஞ்சிருந்தா எஸ்.பி. ரோட்ல கெடைக்குமா, இல்ல கம்பெனிதான் குடுக்கணுமா?” என்று கேட்டாள்.