ஈராசிரியர் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இரண்டு ஆண்டுகள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறையிலும், நான்காம், ஐந்தாம் வகுப்புகள் தலைமை ஆசிரியையின் மேசை இருக்கும் அடுத்த அறையிலும் நடக்கின்றன. மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் குறைவு. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது, மூன்றாம் வகுப்புக்குச் செல்லவிருந்த மகளின் தாய் என்ற முறையில் நான் உறுப்பினராகி, தலைவர் பொறுப்பையும் ஏற்றேன். இத்தகைய பள்ளிக்கு ஒரு பெற்றோர் குழுவால் என்ன செய்ய முடியும், எந்த வேலைக்கு யாரிடம் போக வேண்டும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் கற்றுக்கொண்டேன். புதிதாகக் குழுவில் சேரும் பெற்றோருக்கு உதவும் என்பதால் அதை எழுதுகிறேன்.

இந்தக் குழு ஆசிரியர்கள் தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு என்றுதான் எங்கள் ஊரில் பலரும் எண்ணியிருந்தார்கள். உண்மையில் இது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு வழங்கும் அமைப்பு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, வரும் மானியம் முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பது ஆகியவை அதன் கடமைகள். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த நாளில் தலைமை ஆசிரியை இதையெல்லாம் வாசித்துக் காட்டிய பிறகும் பெயர் கொடுக்க யாரும் எளிதில் முன்வரவில்லை. அதற்குக் காரணம் அக்கறையின்மை அன்று. மாதந்தோறும் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் என்றால், கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது அரை நாள் கூலி இழப்பு. நூறு நாள் வேலைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டறிந்து, அதற்கேற்பக் கூட்டத்தைத் தொடங்குவது என்று முடிவு செய்த பின்னர்தான் வருகை சீரானது. புதிய குழுக்கள் முதலில் பேச வேண்டியது இந்த நேரப் பொருத்தத்தைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் எங்கள் கூட்டங்களில் சுற்றுச்சுவர், கழிப்பறைத் தண்ணீர், சமையலறைக் கூரை ஆகியவற்றைத் தவிர வேறு பேச்சே எழவில்லை. அவை வேண்டிய விஷயங்கள்தாம். ஆனால் அப்போது பள்ளியில் எல்லாவற்றையும்விட அவசரமாக இருந்தது வாசிப்பு. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள், முதல் வகுப்பு முழுவதையும் இரண்டாம் வகுப்பின் ஒரு பகுதியையும் பள்ளிக்கு வராமலே கடந்தவர்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அந்த ஆண்டு ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளைகளை அவர்கள் அறிந்திருக்கும் அளவைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை.

இந்த முறை வீடுகளில் பெரிய மனக்குறையை உண்டாக்கியது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார்கள் என்று ஒரு தந்தை கூட்டத்தில் கோபப்பட்டார். நகரத்துத் தனியார் பள்ளியின் வேன் நாள்தோறும் எங்கள் ஊர் வழியாகப் போகும். அதில் தன் பிள்ளையை ஏற்றிவிடப்போவதாகவும் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வகுப்பில் நடப்பதை நேரில் பார்க்காமல் பதில் சொல்வது சரியில்லை என்று தோன்றியதால், ஆசிரியையின் அனுமதியோடு நானும் இன்னோர் உறுப்பினரும் சில காலை வேளைகளில் அந்த அறையின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தோம்.

அங்கே பார்த்ததில் ஒரு காட்சியைக் குறிப்பிட வேண்டும். மலர் நிலைப் பிள்ளைகள் சுவரோரமாக அமர்ந்து கதை அட்டைகளைத் தாங்களாகவே வாசித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டு நிலையினர் சொல்லட்டைகளைப் படங்களோடு பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை அரும்பு நிலைப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். 'கொடி' என்று எழுதியிருந்த அட்டையை ஒரு சிறுவன் 'கெடி' என்று வாசித்தான்; அடுத்த முறை 'காடி' என்றான். எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஒற்றைக் கொம்பைக் கண்டால் 'கெ' என்றும், பின்னால் நிற்கும் காலைக் கண்டால் 'கா' என்றும் சொல்லப் பழகியவனுக்கு, இரண்டும் சேர்ந்து நின்றால் ஒரே ஒலிதான் என்பது பிடிபடவில்லை. ஆசிரியை அவனைத் திருத்தவில்லை. துணைக்காலைத் தன் விரலால் மறைத்து வாசிக்கச் சொன்னார்; பிறகு கொம்பை மறைத்து வாசிக்கச் சொன்னார்; கடைசியில் விரலை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். சிறிது தயங்கி, 'கொ' என்று அவனே சொன்னான். அதன்பின் 'தொடு', 'பொடி', 'மொட்டு' என்று அடுத்தடுத்து வந்த அட்டைகளைத் தடையில்லாமல் வாசித்தான். அவனுக்கு அருகில் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தது அவனுக்கு எந்தக் குறையாகவும் தோன்றியதாகத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் பாடநூலைக் கையில் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தால், அந்தக் கொம்பும் காலும் அவனுக்கு எப்போதைக்கும் குழப்பமாகவே நின்றிருக்கக்கூடும்.

கோபப்பட்ட தந்தையையும் ஒரு காலையில் அழைத்துவந்து உட்கார வைத்தோம். நிலை என்பது நிரந்தரமன்று, மதிப்பீட்டுக்குப் பின் பிள்ளை அடுத்த நிலைக்கு மாறிவிடும் என்பதை ஆசிரியை பதிவேட்டைக் காட்டி அவருக்கு விளக்கினார். அவருடைய மகன் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை எங்கள் பள்ளியிலேயே இருந்தான். இதையொட்டி ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டோம்: எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிப்பதில்லை, பெற்றோரைத் தனியே அழைத்து ஆசிரியையே சொல்வார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய ஊரில் ஒரு குழந்தையின் மீது விழும் பெயர் எளிதில் அழியாது. இந்த ஒன்றில் குழுக்கள் மிகுந்த கண்டிப்போடு இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அடுத்த பெரிய வேலை பள்ளி வளர்ச்சித் திட்டம். மூன்று ஆண்டுகளுக்கான திட்டமாக, ஆண்டுவாரியாகப் பிரித்து எழுத வேண்டும். படிவத்தை நிரப்பும் பொறுப்பைத் தலைமை ஆசிரியையிடம் விட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுவது எளிது. அப்படிச் செய்தால் அது குழுவின் திட்டமாக இருக்காது. நாங்கள் பள்ளி வளாகத்தை ஒருமுறை சுற்றிவந்து, குறைகளை மூன்றாகப் பிரித்தோம்: மானியத்தைக் கொண்டு நாமே செய்யக்கூடியவை, ஊராட்சியிடம் கேட்க வேண்டியவை, ஒன்றியத்துக்கோ கல்வித் துறைக்கோ எழுத வேண்டியவை. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். முப்பதைத் தாண்டி நூறு வரை 25,000 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆக, முப்பதைச் சற்றே தாண்டிய ஒரு பள்ளியிலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் வேனில் ஏறிப் போய்விட்டால் அதன் ஆண்டு மானியம் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். சேர்க்கையைப் பற்றி ஆசிரியர்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பது இந்தக் கணக்கைக் கேட்ட பிறகே பெற்றோருக்கு விளங்கியது.

கழிப்பறைத் தண்ணீர் பிரச்சினை ஊராட்சி மூலம் தீர்ந்தது. கழிப்பறை இருந்தும் அதற்கு வரும் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. பிள்ளைகள் வாளியில் சுமந்து ஊற்றினார்கள், பெண் பிள்ளைகளில் சிலர் வீட்டுக்கே போய்வந்தார்கள். 'கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்' என்று பொதுவாக எழுதிய எங்கள் முதல் தீர்மானத்துக்குப் பதிலே வரவில்லை. ஊராட்சிச் செயலர்தான் வழி சொன்னார். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை குழாய் மாற்ற வேண்டும், எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்படுகிறார்கள், எந்த நாளில் குழு தீர்மானித்தது என்பவற்றைத் தெளிவாக எழுதி, கிராம சபையில் மனுவாகக் கொடுத்து, அதைச் சபைத் தீர்மானத்திலும் பதியச் சொல்லுங்கள் என்றார். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்திருக்கின்றன. நாங்கள் அப்படியே எழுதி, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் வாங்கி வைத்தோம். அடுத்த சபையில் அந்த நகலைக் காட்டிக் கேட்க முடிந்ததுதான் வேலை நடந்ததற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த, பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்மார்களே சமைக்கிறார்கள். காலையில் பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் முதல் பாடவேளையிலேயே சோர்ந்துபோவது நின்றது. தாமதமாக வருபவர்களும் குறைந்தார்கள்.

வருகைப் பதிவேட்டில் எங்களை மிகவும் வருத்தியது செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள். பொங்கல் கழிந்ததும் வேறு மாவட்டத்துக்குப் போனால், மழைக்கு முன்னர்தான் திரும்புவார்கள். அதற்குள் படித்தது மறந்துவிடும். அப்படிப் போகவிருந்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாயிடம் போகும் இடத்திலுள்ள பள்ளியில் சேர்க்கலாமே என்று கேட்டபோது, "டிசி இல்லாம எந்தப் பள்ளிக்கூடத்துலங்க சேர்ப்பாங்க?" என்றார். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டுக்குள் என்றால் வேலை இன்னும் எளிது. ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவில் எமிஸ் எண் என்ற அடையாள எண் இருப்பதால், இங்கே தலைமை ஆசிரியர் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால், அங்கே உள்ளவர் அதிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். தலைமை ஆசிரியை அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, சூளைக்கு அருகிலுள்ள பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் தொலைபேசியிலும் பேசிவைத்தார். அந்தச் சிறுமி அங்கே தொடர்ந்து படித்து, ஜூனில் எங்கள் ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமையவில்லை. சிலரை அங்கே சேர்க்கவே இல்லை. பள்ளி தொலைவு என்றார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கூட்டத்திலேயே யார் யார் போகிறார்கள் என்று கேட்டுப் பட்டியல் எடுப்பதைக் குழு அதன்பின் வழக்கமாக்கிக்கொண்டது.

வீட்டில் வாசிக்கக் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும். 'நாங்களே படிக்காதவர்கள், பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது' என்பது எல்லாக் கூட்டங்களிலும் எழும் கேள்வி. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு கதைப் புத்தகங்கள் வந்தபோது, அவற்றை அலமாரியில் பூட்டாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்படி குழு கேட்டுக்கொண்டது. கிழிந்தால் என்ன செய்வது என்ற ஆசிரியர்களின் தயக்கம் நியாயமானது. பழுதானால் குழு பொறுப்பேற்கும் என்று தீர்மானம் எழுதிக் கொடுத்தோம். பெற்றோர் செய்ய வேண்டியது, பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும், முடித்தபின் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்பதும் மட்டுமே. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி தன் பேரன் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டதை, கதை தொடர்பற்றுப் போனதை வைத்தே கண்டுபிடித்துத் திரும்ப வாசிக்க வைத்தார் என்று அவருடைய மருமகள் கூட்டத்தில் சொன்னபோது, அடுத்த வாரத்திலிருந்து புத்தகம் கேட்டு வந்த பிள்ளைகள் கூடினார்கள்.

2024இல் குழுக்கள் மீண்டும் மறுகட்டமைப்பு செய்யப்பட்டு, முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் அளிக்கப்பட்டது. என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அடுத்த ஆண்டே பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையின் தாய் இரண்டாண்டுப் பொறுப்பை ஏற்பது முறையாகாது என்பதால் நான் விலகிக்கொண்டேன். மாணவர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டவில்லை; ஆனால் வேனில் போய்க்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் தம் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கே திருப்பி அழைத்து வந்திருந்தன. சுற்றுச்சுவர் இன்னும் கட்டப்படவில்லை. அது ஒன்றிய நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை என்பதால், அதுவரை கொடுத்த மனுக்களின் நகல்கள், கிராம சபைத் தீர்மான எண்கள், எந்த அலுவலர் எந்த நாளில் வந்து அளந்து சென்றார் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துப் புதிய தலைவரிடம் ஒப்படைத்தேன். அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய். அக்டோபர் 2ஆம் தேதி சபையில் அந்தக் கோப்போடு எழுந்து பேசினார்.