கார்பைடு வாடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில் (தொழிலாளர் வரிசைவீடுகளில்) வளர்ந்த எனக்கு, விடியற்காலை என்பது ஒரு வாடையாகவே நினைவில் நிற்கிறது. பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் புறப்படுமுன் அம்மா நெற்றி விளக்கில் கார்பைடுக் கல்லைப் போட்டுத் தண்ணீர் விடுவார். சீறிக் கிளம்பும் வாயுவோடு பூண்டு அழுகியது போன்ற நெடி வீடு முழுவதும் பரவும். பல ஆண்டுகள் கழித்து, உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த நெடி மறுபடியும் மூக்கில் ஏறியது. பயறுவகைச் செடிகளின் வேரில், காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கும் பாக்டீரியா வாழும் முடிச்சுகள் உண்டு; அந்த வேர்முடிச்சு ஆய்வுக்காக ஒருவர் கார்பைடில் நீரூற்றி அசெட்டிலின் தயாரித்துக்கொண்டிருந்தார். தூய அசெட்டிலினுக்கு அந்த நெடி கிடையாது என்பதும், கல்லில் கலந்திருக்கும் மாசிலிருந்து பிறக்கும் பாஸ்பீனே அதற்குக் காரணம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். அதன் இரண்டு அணுக்களைப் பிணைக்கும் மும்மைப் பிணைப்பை உடைத்து அம்மோனியா ஆக்குவதற்கு, உர ஆலைகள் 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் கடும் அழுத்தத்தையும் செலவழிக்கின்றன. வேர்முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவின் நைட்ரோஜினேஸ் என்னும் நொதியோ அதை மண்ணின் வெப்பத்திலேயே செய்கிறது. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகளைக் (செல்லின் ஆற்றல் நாணயங்களைக்) கூலியாகக் கேட்கிறது. இந்த நொதி அசெட்டிலினை எத்திலீனாகவும் மாற்றும் என்பது 1960களில் தெரியவந்த பிறகு, எத்திலீனை அளந்து நொதியின் வேகத்தை அறிவது வழக்கமாயிற்று. (பால் கூடுதலாக வடிவதற்காக மரப்பட்டையில் தடவும் எத்திஃபானும் எத்திலீனைத்தான் வெளிவிடுகிறது. அந்த வாயு என்னை விடுவதாக இல்லை.)

நாங்கள் ஆராய்ந்தவை இளம் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே மூடுபயிராகப் படரவிடும் பியூரேரியா, சென்ட்ரோசீமா, காலப்பகோனியம் ஆகிய கொடிகள். முதல் மூன்று மாதங்கள் தோட்டத்தில் முடிச்சுகளைக் கிள்ளியெடுத்துக் காரில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றேன். எண்கள் நாளுக்கொரு விதமாக வந்தன. வேரிலிருந்து பிரிந்த முடிச்சுக்குச் செடியின் சர்க்கரை கிடைப்பதில்லை, ஆக்சிஜன் புகும் அளவும் மாறிவிடுகிறது. ஆகவே நொதியின் வேகம் விரைவில் விழுந்துவிடும். நான் அளந்தது செடியை அல்ல, நெடுஞ்சாலையை என்று உணர்ந்து அத்தனை ஏடுகளையும் ஒதுக்கிவைத்தேன். பிறகு மூடி இறுக்கமான போத்தல்களைத் தோட்டத்துக்கே எடுத்துச் சென்று, தோண்டிய வேரை உடனே அதனுள் இட்டு, அசெட்டிலினைச் செலுத்தி, வாயு மாதிரியை மட்டும் கொண்டுவரத் தொடங்கினோம். ஊசி பலமுறை குத்திய ரப்பர் மூடிகள் கசிந்து சில நாள் வேலையைக் கெடுத்ததுமுண்டு. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளையை ரப்பரே கைவிட்டது!

ஒரு கூட்டத்தில், இந்தக் கொடி ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியாவை மிச்சப்படுத்தும் என்று ஒரே ஓர் எண்ணைக் கேட்டார்கள். எத்திலீன் அளவிலிருந்து நைட்ரஜனைக் கணக்கிட மூன்றாலோ நான்காலோ வகுப்பது ஏட்டு விதி. உண்மையான விகிதம் செடிக்கும் நிலைமைக்கும் ஏற்ப மாறும், நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றே கனமான வகை) கொண்டு சரிபார்க்காமல் கிலோக் கணக்குச் சொல்ல முடியாது என்றேன். அம்மாவின் விளக்கில் நான் முகர்ந்தது அசெட்டிலின் அல்ல; போத்தலில் நான் அளந்ததும் நைட்ரஜன் அல்ல. திட்டத்துக்கு அடுத்த ஆண்டு பணம் வரவில்லை. துணிந்து ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் வந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை, உதவியாளர் இருவர் வேலை இழந்ததில் உண்டு.

கடைசியாகப் போத்தல்களைக் கட்டிக்கொண்டிருந்த நாளில், களை எடுக்க வந்த மூத்த பெண்மணி ஒருவர் அருகில் குந்தி, "ஏம்மா, அந்த வேர்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். ஒரு முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. ஆக்சிஜன் பட்டாலே கெட்டுப்போகும் நொதியைக் காப்பதற்காக, நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு சிவப்புப் பொருளைச் செடியே உண்டாக்கி வைத்திருக்கிறது என்றேன். அவர் அதை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு கொடியைத் தாமே தோண்டினார். அதிலிருந்த முடிச்சுகள் உள்ளே பச்சையாக இருந்தன. "இது செத்துப்போச்சாம்மா?" என்றார். வேலை நின்றுபோன கிழட்டு முடிச்சுகள்தாம் அவை. அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் போத்தல் தேவைப்படவில்லை.