பூஞ்சிட்டு: கண்மாயில் மோட்டார் படகுப் பந்தயம் விட்ட கதை

மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, வேன் முகப்பு, கடை வாசல் பொம்மை என்று கேட்டதைச் செய்துகொடுப்போம். ஊர் பேரில்தான் கப்பல் இருக்கிறது. நான் அங்கே போன பதினாறு வருடத்தில் ஒரு தோணியைக்கூடப் பார்த்ததில்லை. மதுரைக்காரனுக்குப் படகு என்றால் தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் சுற்றிவரும் தெப்பம்தான். அதையும் வடம் பிடித்துத்தான் இழுக்கவேண்டும்.

2018 நவம்பரில் வேலையாக விஜயவாடா போயிருந்தேன். அந்த வாரம் அமராவதி பேரில் ஃபார்முலா 1 படகுப் பந்தயம் கிருஷ்ணா நதியில் நடந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன் மூன்று நாளும் கரையிலேயே கிடந்தேன். 2.5 லிட்டர் வி6 எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன், 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். திரும்பி வந்தும் ரெண்டு நாள் காது ஙொய் என்றது. அந்த மாதிரி ஒன்றை நாம் வாங்குவது ஏழு ஜென்மத்துக்கும் ஆகாது என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆனால் நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு மட்டுமா ஓடுகிறது? சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று அளவுக்குத் தகுந்த பிரிவு இருக்கிறது. பூஞ்சிட்டில் ஓட்டிப் பழகியவன்தான் நாளைக்குப் பெரிய மாட்டில் சாரதியாக உட்காருகிறான். படகிலும் அப்படி ஒரு பூஞ்சிட்டு வேண்டும் என்று தோன்றியது. உலக மோட்டார் படகு அமைப்பான யு.ஐ.எம். சிறுவர்களுக்கு ஜிடி15 என்று 15 எச்பி எஞ்சினில் ஒரு பிரிவு வைத்திருப்பது பிறகுதான் தெரியவந்தது. சிறுவர்களுக்கு அது போதுமென்றால் நாற்பது வயது அனுபவமில்லாதவனுக்கும் போதும். படகு, எஞ்சின், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று ஒரு கோடு போட்டேன். ஒரு புது புல்லட்டைவிடக் குறைவு.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் தொண்டி. மச்சானிடம் சொன்னதும், பந்தயத்துக்குச் சேர்ந்த எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொன்றாக, ஒரே மாதத்தில் ஆறு பழைய யமஹா எஞ்சின்களைப் பிடித்துவிட்டார். எல்லாம் ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். 55,000-லிருந்து 65,000 வரை. வாங்கி வந்து பார்த்தால் முதல் சிக்கல்: எல்லாம் நீளத் தண்டு. கடல் படகில் எஞ்சின் மாட்டும் பின்பலகை உயரம் என்பதால், புரொப்பெல்லர் தண்ணீருக்குள் எட்ட அவர்களுக்கு 20 அங்குலத் தண்டு தேவை. பந்தயப் படகுப் படங்களில் எல்லாம் 15 அங்குலம். தண்டைக் குட்டையாக்கத் தனிச் செலவு. பேசாமல் படகின் பின்பலகையை 20 அங்குலமாக ஏற்றிவிட்டோம். பார்க்க அழகாக இருக்காது, ஓடும்.

படகை எதில் செய்வது என்பதில் என் தொழிலுக்கு நானே வேட்டு வைத்தேன். ஃபைபரில் செய்யவேண்டுமானால் அச்சு வேண்டும், அச்சு என்னிடம்தான் இருக்கும், அப்புறம் எல்லோரும் என் பட்டறை வாசலில் நிற்கவேண்டும். அது மலிவான பிரிவு இல்லை, என் கடைக்கு விளம்பரம். அதனால் பிளைவுட். உசிலம்பட்டி ஆசாரியும் வரைபடத்தைப் பார்த்து வெட்டிவிடலாம். ஒரே நிபந்தனை, ஐஎஸ் 710 முத்திரை போட்ட 6 மில்லி மரைன் பிளை. ஐஎஸ் 303 வீட்டு அலமாரிக்குச் சரி. கண்மாய்த் தண்ணீரில் அதை நம்பமுடியாது. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எபாக்சியும் கண்ணாடித் துணியும் ஒட்டினால் முடிந்தது.

பிளைவுட் தாள் 8 அடி என்பதால் முதல் படகையும் 8 அடியிலேயே செய்தேன். சிக்கனமாம். தண்ணீரில் இறக்கி ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் தவளை மாதிரி குதித்தது. படகு தண்ணீரைக் கிழித்துப் போகிற நிலையிலிருந்து தண்ணீர் மேலே ஏறி வழுக்குகிற நிலைக்கு வரவேண்டும். இது ஏறுவதும் மூக்கைக் குத்துவதுமாகவே இருந்தது. அடுத்தது தாளை ஒட்டுப் போட்டு 11 அடி, நாலடி அகலம். அது ஒழுங்காக ஏறியது. அந்த 8 அடிப் படகில் இப்போது பக்கத்துப் பட்டறைக்காரர் சிமெண்ட் குழைக்கிறார்.

இனி தண்ணீர். பார்த்தவர்கள் எல்லாம் வைகை அணையைத்தான் சொன்னார்கள். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மதுரைக்குக் குடிதண்ணீர் வருகிற இடம் அது; டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத எண்ணெயைத் தண்ணீருக்குள்ளேயே கக்கும். மேலூர்ப் பக்கம் தண்ணீர் நின்ற கல்குவாரிகளையும் சிலர் காட்டினார்கள். நாலு பக்கமும் செங்குத்துப் பாறை. விழுந்தவன் ஏறிவரக் கரையே கிடையாது. பறவை வருகிற கண்மாய்களையும் தள்ளிவிட்டோம். கடைசியில் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு பெரிய கண்மாய் அமைந்தது. ஊர்ப் பேர் வேண்டாம், அவர்கள் கேட்டுக்கொண்டது.

கண்மாய் என்றால் அரசாங்கத் தண்ணீர், அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அலுவலகத்தில் நாலு மாதம் அலைந்தேன், ஒரு நாள் அனுமதி கிடைத்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. நிஜமான அனுமதி ஊரில் இருந்தது. மடைத் தண்ணீர் அதில் பாசனம் செய்கிற ஆயக்கட்டுக்காரர்களுடையது. மீன் குத்தகைதாரருடையது. கரை ஆடுமாடு மேய்க்கிறவர்களுடையது. மூன்று தரப்பிலும் தனித்தனியாக உட்கார்ந்து டீ குடிக்கவேண்டியிருந்தது.

முதல் சோதனை ஓட்டத்தன்று ஆயக்கட்டுப் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கினார். எஞ்சின் நின்ற இடத்தில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். தண்ணீர் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம்.

“தம்பி, இதத்தேன் எங்க மாடு குடிக்கணுமா?”

பதில் இல்லை என்னிடம். அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்தி எஞ்சின்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். பிறகு விசாரித்தால், பெட்ரோலில் ஆயில் கலந்தவன் எங்கள் மெக்கானிக் மாப்ள, அதுவும் கைக்கணக்கில். எஞ்சின் பாவமே என்று தாராளமாக ஊற்றியிருக்கிறான். இந்த எஞ்சினுக்கு 50-க்கு 1 போதும். லிட்டருக்கு 20 மில்லி. மருந்துக்கடையில் அளவுக் குப்பி வாங்கி, கலப்பதை ஒரே ஆளிடம் விட்டோம். படலம் வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. அதனால் வருடத்தில் ஒரு பந்தயம், ஒரு சோதனை நாள், மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் ஓடாது, அதுவும் மடைக்கு எதிர்க்கோடியில் என்று எழுதிக்கொடுத்தோம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறினால் இந்தத் தலைவலி போகும். ஆனால் விலை என் கோட்டைத் தாண்டுகிறது. இதில் எனக்கு இன்னும் மனசு சரியாக இல்லை.

கண்மாயில் ஒரு சௌகரியம், எந்தக் கடற்கரைக்காரனுக்கும் கிடைக்காதது. சித்திரையில் தண்ணீர் வற்றியதும் பந்தயத் தடத்தைச் செருப்புக் காலோடு நடந்தே பார்க்கலாம். எதிரி சீமைக்கருவேலம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு ஊருக்கு ஊர் வெட்டினார்கள். இங்கே மேலே வெட்டியதோடு சரி, தூர் அப்படியே நின்றது. தண்ணீர் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, புரொப்பெல்லருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தூருக்கும் சுண்ணாம்பு அடித்து, போனில் ஜிபிஎஸ் குறித்து, ஒரு நாள் ஜேசிபி வாடகைக்கு எடுத்து நாற்பத்தி மூன்றைப் பிடுங்கினோம். விறகு ஊருக்கு. ஆயக்கட்டுக்காரர்கள் எங்களிடம் சிரித்துப் பேச ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

மிதவைக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன், ஆரஞ்சு பெயிண்ட். நங்கூரத்துக்கு மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு. ஒரு சுற்று 600 மீட்டர், ஆறு சுற்று.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பது ஒரு பிரச்சினை ஆகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. படகுப் பந்தயங்களில் பெரும்பாலும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். நாங்களும் அப்படியே வரைந்து ஊர் மந்தையில் காட்டினோம். அதே பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னப்பா, இடமாச் சுத்துறீக? எழவு வீட்லதேன் இப்பிடிச் சுத்துவாக. நெறஞ்ச கம்மாய்ல இது ஆகாது.” எங்கள் கூட்டத்தில் படித்த பையன்கள் சிலர் முணுமுணுத்தார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். கைப்பிடியால் திருப்புகிற படகு இது, எந்தப் பக்கமும் திரும்பும். திருப்பத்தில் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு அலுமினியத் துடுப்புத் தகடு இருக்கிறது. அதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்ற நாலு போல்ட். சரி என்று சொல்லிவிட்டேன். எங்கள் பூஞ்சிட்டு தெப்பத்தைப்போல வலமாகத்தான் சுற்றும்.

விதிகளில் எடையும் ஒன்று. ஆள், படகு, எஞ்சின் சேர்த்து 175 கிலோவுக்குக் குறையக்கூடாது. நெல் மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தோம். ஒல்லிக் கல்லூரிப் பையன்கள் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகவேண்டும்; நான் கட்டவேண்டியதில்லை. உடுத்திய துணியோடு ஐம்பது மீட்டர் நீந்தவேண்டும். கிணற்றில் பழகியவர்கள் நிறைய, அதனால் ஒருவர்தான் தோற்றார். அவர் இப்போது கொடி காட்டுகிறார். பைக்குப் போடும் முழுமுக ஹெல்மெட்டைத் தடுத்தோம், தண்ணீரில் விழுந்தால் வாளி மாதிரி மொண்டு கழுத்தை இழுக்கும். எஞ்சினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் இல்லாமல் யாரும் படகைக் கிளப்பக்கூடாது. ஆளில்லாத படகு ஒரே இடத்தில் வட்டமடித்து, விழுந்தவன்மேலேயே திரும்ப வரும்.

இதெல்லாம் எழுதிவிடலாம். மலிவை மலிவாகவே வைத்திருப்பதுதான் பாடு. எங்கள் யமஹாக்களில் 9.9 எச்பியும் உண்டு, 15 எச்பியும் உண்டு; இரண்டும் ஒரே 246 சிசி. முக்கிய வித்தியாசம் கார்புரேட்டரில். வெளியே ஒட்டிய எண்ணை நம்பி என்ன செய்வது? முதல் சோதனையிலேயே ஒரு 9.9 கம்பி நீட்டிப் பறந்தது. திறந்து பார்த்தால் உள்ளே 15-இன் கார்புரேட்டர். வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார் உரிமையாளர். இருக்கலாம். ஒவ்வொரு எஞ்சினையும் பிரித்துச் சோதிக்க எங்களுக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை. ஆறையும் 15 ஆக்கிவிட்டு, பந்தயத்தன்று காலையில் சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்க முடிவெடுத்தோம். குடவோலை முறை. நீ கொண்டுவந்த எஞ்சின் யாருக்கு விழும் என்று உனக்கே தெரியாது. பிறகு எதற்குச் செலவழித்து மெருகேற்றுவாய்? உடைந்தால் பொதுப்பணத்திலிருந்து பழுது, அதற்கு ஆளுக்கு 1,500. ஒருவர் “என் எஞ்சினை அடுத்தவன் கையில் தரமாட்டேன்” என்று விலகிப் போனார். நல்ல ஓட்டுனர், வருத்தம்தான். அவர் இடத்துக்கு வேறொரு பையன் வந்து அதே எஞ்சினை விலைக்கு வாங்கிக்கொண்டான்.

எஞ்சினில் ஏமாற்றும் வழியை அடைத்தால் அது புரொப்பெல்லரில் கசிந்தது. எங்களுடையது எல்லாம் ஒரே 10 அங்குலப் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 10 அங்குலம் முன்னேறும். எஞ்சின் 5,000 சுற்று ஓடினால் கியர் அதை 2,400 ஆகக் குறைக்கும்; அப்படியென்றால் மணிக்கு 36 கிலோமீட்டர் சொச்சம். தண்ணீர் கெட்டித் தரையில்லை, வழுக்கும். போனில் பார்த்தால் எல்லோருக்கும் 31, 32. ஒரு படகுக்கு மட்டும் 35. மூன்று கிலோமீட்டர் ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆறு சுற்றில் அது எட்டவே முடியாத தூரம். ஆறு புரொப்பெல்லரையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தோம். கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தன. கண்ணை மூடி இதழ்களின் பின்ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தேன். நாலாவதில் நகம் தட்டியது. நூலளவு மடிப்பு, லேத் பட்டறை நண்பர் யாரோ பக்குவமாகச் சுத்தியல் போட்டது. அந்த மடிப்பு தண்ணீரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். செய்தவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை, அவ்வளவு நேர்த்தி. அன்றிலிருந்து ஆறு புரொப்பெல்லரும் எண் பஞ்ச் அடித்து என் பட்டறைப் பெட்டியில், பூட்டோடு. எஞ்சின் சீட்டோடு அதுவும் குலுக்கலில்தான் வரும்.

பந்தயம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. குத்தகைதாரர் வலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, கரையில் மீன் வறுத்து விற்றார். மீட்புப் படகுக்குத் தொண்டியிலிருந்து மச்சான் ஆட்களோடு வந்தார். மூன்றாவது சுற்றில் என் எஞ்சின் பின்னால் பீய்ச்சவேண்டிய தண்ணீர்த் தாரை நின்றுபோனது. சிறுபிள்ளை ஒன்றுக்குப் போவதுபோல அந்தத் தாரை வந்துகொண்டே இருந்தால்தான் எஞ்சின் குளிர்கிறது என்று அர்த்தம். சேறு அடைத்திருக்கிறது. நிறுத்திவிட்டு நடுக்கண்மாயில் உட்கார்ந்து மற்ற ஐந்து பேரையும் வேடிக்கை பார்த்தேன். திருமங்கலத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் ஜெயித்தான், மணல் மூட்டையோடு. பரிசு ஒரு பித்தளைச் சொம்பு, குலுக்கல் போட்ட அதே சொம்பு. பெரியவர் கடைசிவரை இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, போகும்போது தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் மழை தாமதம். கண்மாய் இன்னும் பாதிதான். ஐந்து படகுகள் பட்டறைக் கூரையில் தலைகீழாகத் தொங்குகின்றன. ஆறாவதை ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிப்போய், துடுப்புப் போட்டுத் தள்ளிக்கொண்டு ஆகாயத்தாமரை அள்ளுகிறார்கள். திரும்பக் கேட்க வாய் வரவில்லை. எஞ்சினும் வேண்டும் என்றார்கள் போன வாரம். தரலாம் என்றுதான் நினைக்கிறேன், புரொப்பெல்லர் மட்டும் பெட்டியைவிட்டு வெளியே வராது.