217-ஆம் பக்கத்தில் விடுபட்ட 2

உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் இயற்பியல் தேர்வை முதல்முறை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, தேறிவிட்டேன் என்றே நம்பினேன். வினாக்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பார்த்த முகங்களாக இருந்தன. விடைக்குறிப்பு வெளியான அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 200-க்கு 70.625. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை.

அடி விழுந்தது ‘சி’ பகுதியில். 30 வினாக்களில் 20-க்கு விடையளிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். 20-ஐயும் குறித்தேன், எட்டுதான் சரி. கிடைத்த 40-இல், தவறான பன்னிரண்டுக்கும் தலா 1.25 வீதம் 15 கழிந்து 25 ஆனது. அந்தப் பன்னிரண்டையும் நான் குருட்டாம்போக்கில் குறிக்கவில்லை. விடை தெரியும் என்ற முழு நம்பிக்கையோடு குறித்தேன். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

அந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது ஒரு கைடு. தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கம். பாடத்திட்டத்தின் எல்லாப் பகுதிகளும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சுருக்கக் குறிப்பு, சூத்திரப் பட்டியல், பிறகு நூற்றுக்கணக்கில் தீர்த்த கணக்குகள். ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்று கணக்கு வைத்து இரண்டு முறை முடித்தேன். வினாவைப் படிப்பேன், உடனே கீழே இருக்கும் தீர்வையும் படிப்பேன். ஒவ்வொரு வரியும் புரியும். ‘இது தெரிந்ததுதானே’ என்று பக்கத்தைத் திருப்புவேன். அந்த நான்கு மாதத்தில் நான் முழுதாகத் தீர்த்த கணக்குகள் ஐம்பதைத் தாண்டாது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திண்மங்களின் தன்வெப்பம், தாழ்ந்த வெப்பநிலையில், டிபை மாதிரிப்படி வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கில் மாறும். கைடு இதைக் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தது. நானும் மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வில் வந்த வினா, அணுக்கள் ஒரே தளத்தில் அமைந்த மெல்லிய படலத்தைப் பற்றியது. ‘டிபை’ என்ற சொல்லைக் கண்டதும் கை மூன்றாம் அடுக்கைக் குறித்துவிட்டது. படலத்துக்கு இரண்டாம் அடுக்குதான் வரும்.

பிறகு ஒரு நாள் இதை வெறும் தாளில் போட்டுப் பார்த்தேன். ஐந்து வரிகூட ஆகவில்லை. அலைவு எண், அலை எண்ணின் எந்த அடுக்கில் மாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வெப்பநிலையில் எந்த அலை எண் வரை அலைவுகள் கிளர்ச்சியுறும் என்பதை அது சொல்லிவிடும். அந்த எல்லைக்குள் அடங்கும் அலைவு வகைகளின் எண்ணிக்கை, பரிமாண எண்ணையே அடுக்காகக் கொண்டு வளரும். ஆகவே தன்வெப்பத்தில் வெப்பநிலையின் அடுக்கு என்பது பரிமாண எண்ணை முதலில் பார்த்த அந்த அடுக்கால் வகுத்தால் கிடைப்பது. ஃபோனான்களில், அதாவது அணுக்களின் அதிர்வலைகளில், அலைவு எண் அலை எண்ணின் முதல் அடுக்கில் மாறுவதால் முப்பரிமாணத் திண்மத்தில் 3, தளத்தில் 2. ஃபெர்ரோ காந்தத்தின் மேக்னான்களில், அதாவது காந்தத் திருப்பங்களின் அலைகளில், அலைவு எண், அலை எண்ணின் வர்க்கத்தில் மாறுவதால் மூன்றை இரண்டால் வகுத்து ஒன்றரை. கைடு இவற்றை வெவ்வேறு பக்கங்களில் தனித்தனிச் சூத்திரங்களாகக் கொடுத்திருந்தது. நானும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்திருந்தேன்.

அந்தத் தோல்விக்குப் பிறகு, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அக்கா ஒருவரிடம் போய் நின்றேன். வேறு கைடு வாங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கைடையே எடுத்து ஒரு கணக்கைக் காட்டி, தீர்வைக் கையால் மறைத்துக்கொண்டு, “போடு” என்றார். இரண்டு முறை படித்த கணக்கு அது. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. “கைடு பரவாயில்லை. நீ இதைக் கதைப் புத்தகம் மாதிரி வாசித்திருக்கிறாய்” என்றார்.

அன்றே ஒரு தடித்த அட்டையை வெட்டி வைத்துக்கொண்டேன். தீர்வின் மேல் அட்டை. ஒரு கணக்குக்கு இருபது நிமிடம். அதற்குள் விடை வந்தாலும் வராவிட்டாலும் தாளில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். பிறகுதான் அட்டையை எடுப்பேன். நாளுக்கு இருபது பக்கம் என்பது மூன்று பக்கமாகச் சுருங்கியது. முதல் இரண்டு வாரம் அழுகை வராத குறை.

மூன்றாவது வாரம் 217-ஆம் பக்கத்துக்கு வந்தேன். ஒரு பரிமாணத்தில் ஒரே ஒரு டெல்டா குழி, அதாவது ஒரே புள்ளியில் ஒடுங்கிய ஆழமான ஆற்றல் குழி. அதில் கட்டுண்ட நிலை ஒன்றே ஒன்றுதான். அதன் ஆற்றல் என்ன என்பது வினா. எனக்கு வந்த விடையில் வகுக்கும் இடத்தில் ஒரு 2 இருந்தது. கைடில் அது இல்லை.

இரண்டு நாள் அதே கணக்கு. நான்தான் எங்கோ தவறியிருக்கிறேன் என்று திரும்பத் திரும்பப் போட்டேன். குழிக்கு இருபுறமும் அலைச்சார்பு தேய்ந்துகொண்டே போகிறது; நடுவில் அதன் சரிவு தாவுகிறது. அந்தத் தாவலை டெல்டாவின் வலிமையோடு சமன்செய்தால் தேய்வு மாறிலி கிடைத்துவிடும். அதன் வர்க்கத்தை எச்-பாரின் (பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்தது) வர்க்கத்தால் பெருக்கி, நிறையின் இரு மடங்கால் வகுத்து, கழித்தல் குறி இட்டால் ஆற்றல். ஒவ்வொரு முறையும் அந்த 2 வந்து நின்றது. மூன்றாம் நாள் நூலகத்தில் குவாண்டம் இயக்கவியல் பாடநூலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 2 இருந்தது. அந்த வாசிப்பு மேசையில் எனக்கு வந்த நிம்மதி, தேர்வு முடிவு வந்த அன்றுகூட வரவில்லை.

நிம்மதி அடங்கியதும் கோபம் வந்தது. பதிப்பகத்துக்குத் தொலைபேசினேன். பிழைதிருத்தப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டேன். எடுத்தவர், “எழுதினவர் பேராசிரியர், தம்பி. அவருக்குத் தெரியாததா? நீங்கள் சரியாகப் போட்டுப் பாருங்கள்” என்றார். பக்க எண்ணைச் சொன்னேன், குறித்துக்கொள்ளவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. இரண்டாவது முறை தொலைபேசியபோது வேறொருவர் எடுத்து, புதிய பதிப்பில் எல்லாம் திருத்தியாகிவிட்டது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நம்பி, ஒரு நாள் படிப்பை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வந்தேன். அட்டை புதிது. முன்னால் சில பக்கங்கள் சேர்ந்ததால் 217 இப்போது 223. அந்த 2 அங்கேயும் இல்லை.

புதிய பதிப்பு என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடையிலேயே நின்று, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு பிழை திருத்தப்பட்டிருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். நான் வாங்கிய பிறகு பார்த்தேன்.

அன்றிலிருந்து சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருந்தது. தேர்வுக்குப் போவதற்குள் 41 பிழைகளைக் குறித்திருந்தேன். பெரும்பாலானவை அச்சுப் பிழைகள். சில அப்படியல்ல. மின்னணுவியல் பகுதியில் ஒரு செயல்பாட்டுப் பெருக்கியின் (ஆப்-ஆம்ப்) படத்தில் இரண்டு உள்ளீடுகளும் இடம் மாறியிருந்தன. விடை ‘பெருக்கம் கழித்தல் 10’ என்று இருந்தது. ஆனால் படத்தில் வரைந்தபடி இணைத்தால் பின்னூட்டம் நேர்முகமாகிவிடும், சுற்று பெருக்கியாகவே வேலை செய்யாது, வெளியீடு ஏதோ ஓர் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு தொல்லை, அலகு முறைகளின் கலப்பு. ஹைட்ரஜன் அணுக் கணக்கில் ஒரு பக்கத்தில் 4 பை எப்சிலான் இருக்கும், அடுத்த பக்கத்தில் இருக்காது. இரண்டும் அதனதன் அலகு முறையில் சரிதான். எந்த முறை என்று கைடு ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். எந்தக் கைடை எடுத்தாலும் மின்காந்தவியல் பகுதியைத் தொடங்கும்போதே ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் அலகு முறையைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

பிழைகளைத் தேடித் தேடி ஒரு பழக்கம் கைவந்தது. அதுதான் பிறகு மதிப்பெண்ணாக மாறியது. செங்குத்து விட்டத்தைச் சுற்றிச் சுழலும் வளையத்தில் கோர்த்த மணி ஒன்று. மரபு இயக்கவியலில் எல்லோரும் போடும் கணக்கு. சுழற்சி மெதுவாக இருக்கும்வரை மணி அடியில் நிற்கும். கோண வேகத்தின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கத்தை ஆரத்தால் வகுத்த மதிப்பைத் தாண்டினால் மணி பக்கவாட்டில் ஏறிப் புதிய சமநிலையில் நிற்கும். அந்தப் புதிய இடத்தைச் சுற்றிய சிறு அலைவின் அலைவு எண்ணைக் கைடு கொடுத்திருந்தது; வர்க்கமூலத்துக்குள் இரண்டு உறுப்புகள், நடுவில் கூட்டல் குறி. நான் கணக்கையே போடவில்லை. சுழற்சி வேகம் சரியாக அந்த எல்லையில் இருக்கும்போது, புதிய சமநிலை பழையதோடு ஒன்றாகிவிடும். மணியைப் பழைய இடத்துக்குத் திருப்பும் விசை அங்கே செத்துப்போயிருக்கும். ஆகவே அலைவு எண் சுழியாக வேண்டும். கூட்டல் குறி இருந்தால் சுழியே வராது. கழித்தல்தான் சரி என்று அரை நிமிடத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். பிறகு முழுதாகப் போட்டபோதும் கழித்தலே வந்தது. அன்று மாலை வேறு எதுவும் படிக்கவில்லை, சந்தோஷத்தில்.

நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைக் கேட்கும் தேர்வில் இதன் பலன் பெரிது. பரிமாணம் பொருந்தாத விடை ஒன்று, எல்லை நிலையில் உடையும் விடை ஒன்று என இரண்டை அடித்துவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். கால் பங்கு கழியும் என்ற பயம் அங்கே தேவையில்லை.

கணிப்பானுக்கு அனுமதி இல்லை என்பதைக் கைடு மறந்துவிட்டது. ஒளியின் ஆற்றலைக் கேட்டால், ஜூலில் தொடங்கி, பத்தின் கழித்தல் 34-ஆம் அடுக்கோடு அரைப் பக்கம் போகும். பிளாங்க் மாறிலியையும் ஒளி வேகத்தையும் பெருக்கினால் சுமார் 1240 எலக்ட்ரான்வோல்ட் நானோமீட்டர் என்று மனதில் இருந்தால் போதும். 620 நானோமீட்டர் ஒளிக்கு 2 எலக்ட்ரான்வோல்ட் என்று வாய்க்கணக்கிலேயே வந்துவிடும். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான்வோல்ட், ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான்வோல்ட், அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. இந்த நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

முந்தைய ஆண்டு வினாக்களுக்காகக் கைடை நம்ப வேண்டாம். என்னுடையதில் சிலவற்றுக்கு ஆண்டு மாறியிருந்தது, ஒன்றில் வினாவின் ஒரு வரியே விடுபட்டிருந்தது. பழைய வினாத்தாள்கள் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே விடைக்குறிப்போடு கிடைக்கின்றன. கடைசி ஆறு வாரம் அவற்றை மட்டும், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதினேன். பொதுத் திறனைச் சோதிக்கும் ‘ஏ’ பகுதிக்கும் வாரம் ஒரு நாள் ஒதுக்கினேன். இயற்பியல் மாணவர்கள் அதை அலட்சியம் செய்கிறோம். முதல்முறை நானும் செய்தேன், 30-க்கு 15 வந்தது.

விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, தேர்வு மையம் எல்லாம் இரண்டாவது முறை சிக்கலின்றி முடிந்தன. ‘சி’ பகுதியில் 14 வினாக்களை மட்டும் குறித்தேன். இன்னும் ஆறு குறிக்க இடமிருந்தும் தொடாமல் விட்டது கடினமாக இருந்தது. விட்ட வினாக்களிலும் இரண்டு பார்த்த முகங்கள்தான். ஆனால் தாளில் போட்டுப் பார்த்தால் இரண்டாம் வரியில் நின்றது. விட்டுவிட்டேன். 14-இல் 11 சரி. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான இடம் கிடைக்கவில்லை, அதற்கு இன்னொரு முறை எழுதப்போகிறேன்.

கைடு இப்போது என்னிடம் இல்லை. அடுத்த முறை எழுதப்போகும் ஒரு தம்பி கேட்டான். அட்டையையும் சேர்த்துக் கொடுத்தேன். என் சிவப்பு மையைப் பார்த்து விடைகளைத் தெரிந்துகொள்ள வேண்டாம், முதலில் போட்டுவிட்டுப் பார் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசினான். “அண்ணா, 388-ஆம் பக்கத்தில் ஒரு குறி தப்பு. நீங்கள் குறிக்கவில்லை” என்றான். வினாவைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டு, போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி.