கதை முடிந்த இடத்தில் நிறுத்துதல்

ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்லுகிற நம்மில் பலருக்கும் ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. கதையின் கடைசி வாக்கியம் வாயைவிட்டு வெளியேறும் முன்பே, "சரி, இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று கேட்டுவிடுகிறோம். கீழ்ப்படிய வேண்டும், பொய் சொல்லக் கூடாது, தினமும் ஜெபம் பண்ண வேண்டும் என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னால் எந்தக் கதைக்கும் பொருந்திவிடும் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. கதையைக் காதில் வாங்காத பிள்ளைகூடச் சரியான பதிலைச் சொல்லி ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு போகிறது. இந்தக் கேள்வியைப் பாலர் வகுப்பிலிருந்தாவது எடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். கதையை அது வேதத்தில் முடிகிற இடம்வரை முழுதாகச் சொல்லிவிட்டு, அங்கேயே நிறுத்திக்கொண்டு, பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதே ஆசிரியரின் வேலை.

திருப்பூருக்கும் காங்கயத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிறிய சபையில் நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பனியன் கம்பெனியில் தைப்பவர்கள், கட்டிங் மாஸ்டர்கள், விசைத்தறி ஓட்டுபவர்கள், கிழக்கே வானம் பார்த்த காட்டில் ஆடு வளர்ப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் கொண்டுவருகிற உலகம் பாடப் புத்தகம் தயாரித்தவர்கள் எண்ணிப் பார்த்ததைவிட வேதத்தின் உலகத்துக்குப் பல இடங்களில் நெருக்கமாக இருக்கிறது.

நினிவே நகரத்துக்குப் போகும்படி ஆண்டவர் சொல்லியும் வேறு பக்கம் ஓடி, ஒரு பெரிய மீனால் விழுங்கப்பட்ட தீர்க்கதரிசி யோனாவின் கதையை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான வகுப்புகளில் மீன் அவரைக் கரையில் கக்கியதோடு, மிஞ்சிப் போனால் நினிவே மனந்திரும்பியதோடு, கதை முடிந்துவிடுகிறது. சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் மீன் விழுங்கும் என்ற மிரட்டல் மட்டுமே குழந்தையிடம் தங்குகிறது. ஆனால் அந்தச் சிறிய புத்தகத்தில் நான்கு அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாவதில் நினிவேயின் ராஜா மனிதரோடு மிருகங்களும் உபவாசமிருந்து இரட்டுடுத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறான். எருமைக்குச் சாக்கு உடுத்திவிட்டதை எண்ணிப் பிள்ளைகள் சிரித்து அடங்கச் சற்று நேரமாகும். நான்காவதில், நகரம் அழியாமல் தப்பியதால் யோனா கோபித்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆமணக்குச் செடி ஒரே இரவில் ஓங்கி வளர்ந்து நிழல் தருகிறது. மறுநாள் விடியற்காலையில் ஒரு பூச்சி அதை அரித்துப்போட, வெயில் தலையில் அடிக்க, நான் சாகிறது நலம் என்கிறார். ஆமணக்கு, அதாவது எங்கள் பக்கத்துக் கொட்டமுத்து, பிள்ளைகளுக்கு வேலியோரத்துச் செடி. அந்தப் பாடத்துக்குப் படமோ பொம்மையோ தேவைப்படவில்லை. ஒவ்வொருவர் தலைமேலும் ஓர் இலையைப் பிடித்தால் போதுமாயிருந்தது.

அந்தப் புத்தகம் ஒரு கேள்வியோடு முடிகிறது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000 பேருக்கு அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற இந்த மகா நகரத்துக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று ஆண்டவர் கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்பது எழுதப்படவில்லை. நானும் அதோடு நிறுத்தினேன். எல்.கே.ஜி. படிக்கிற இரண்டு பேர் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் பெரிய பையன் ஒருவன், "ஆடு மாட்டையெல்லாங்கூட ஆண்டவர் நெனச்சுப் பாத்தாருங்களா டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம், எழுதியிருக்கிறது என்றேன். அவன் வீட்டில் ஆடு இருக்கிறது. கீழ்ப்படிதல் என்ற தலைப்பின்கீழ் அந்தக் கதையை அடக்கியிருந்தால் இந்தக் கேள்வி வருவதற்கு இடமே இருந்திருக்காது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக் கதையைத்தான் இங்கே யாரும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டெஜமான் அதிகாலையில் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களை அனுப்புகிறார். விடிந்ததிலிருந்து எண்ணுகிற மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று மேலும் மேலும் ஆள் எடுக்கிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது, பதினோராம் மணி வேளையில், கடைவீதியில் சும்மா நின்றவர்களையும் அனுப்புகிறார். கூலி கொடுக்கையில் கடைசியாக வந்தவர்களிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் அதே ஒரு பணம். சனிக்கிழமை சம்பளமும், ஒன்றரை ஷிப்டும், பீஸ் ரேட்டும் தினமும் வீட்டுப் பேச்சில் அடிபடுகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வகுப்பு கொதித்துப் போகிறது. "அதெப்படிங்க டீச்சர், காலையில இருந்து தெச்சவங்களுக்கும் சாயங்காலம் வந்தவங்களுக்கும் ஒரே காசு?" என்று ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். "அடுத்த நாள் எல்லாருமே சாயங்காலந்தான் வருவாங்க" என்றான் இன்னொருவன். கம்பெனி நடத்துகிற எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ளக்கூடிய வாதம்தான்.

இந்த இடத்தில், கடவுளுடைய கிருபை எல்லாருக்கும் சமம் என்று சொல்லி வாயை அடைத்துவிட எனக்கும் நாக்கு துடித்தது. சொல்லாமல் இருந்ததன் பலன் சற்றுப் பொறுத்து வந்தது. அதுவரை பேசாமலிருந்த ஒரு சிறுமி, "அவங்கள யாருமே வேலைக்குக் கூப்புடலீங்களே" என்றாள். அந்த வசனம் கதையிலேயே இருக்கிறது: ஏன் பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்க, ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்கிறார்கள். ஆர்டர் இல்லாத மாதங்களில் அப்பா காலையில் கிளம்பிப் போய் மதியத்துக்குள் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வரி எப்படிக் கேட்கும் என்பதை எந்த வேத விளக்கவுரையும் எனக்குச் சொன்னதில்லை. முதலில் எழுந்து நின்றவள் சமாதானமாகவில்லை, அதுவும் சரிதான். கதையிலும் காலையில் வந்தவர்கள் முறுமுறுத்துக்கொண்டுதானே நிற்கிறார்கள்.

மேய்ப்பன் கதைகளில் வேறொரு சிக்கல். நம் பாடப் புத்தகங்களில் வருகிற மேய்ப்பன் பச்சைப் புல்வெளியில் வெள்ளை ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து நிற்கிறான். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அறிந்த ஆடு கொறங்காட்டில் மேய்கிறது. கிளுவை முள்வேலி சுற்றி நிற்க, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் இருக்க, படலைச் சாத்திவிட்டால் ஆடு தானே மேய்ந்துகொள்ளும். பின்னாலேயே ஓர் ஆள் நடக்க வேண்டியதில்லை. ஆகவே 23ஆம் சங்கீதத்துக்கு முன் யூதேயாவின் மலைப்பாங்கான வறண்ட நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது: அங்கே வேலி இல்லை, புல்லும் தண்ணீரும் ஓரிடத்தில் இல்லை, கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாவிட்டால் ஆடு பிழைக்காது. இதைச் சொன்ன பிறகுதான் புல்லுள்ள இடமும் அமர்ந்த தண்ணீரும் எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்குப் புரிந்தது. யோவான் 10ஆம் அதிகாரத்தில் ஓநாய் வருகிறதைக் கண்டு கூலியாள் ஓடிப்போகிற இடத்துக்கு மட்டும் முன்னுரை எதுவும் வேண்டாம். தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றுபோட, விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலைக்கு வந்து போராடியதை இந்தப் பகுதியில் அறியாதவர் இல்லை. வாசலிலேயே படுத்துக்கொள்கிற மேய்ப்பன் என்றால் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எல்லாக் கதைகளையும் இந்த வயதில் சொல்லலாம் என்று நான் நினைக்கவில்லை. ஆபிரகாம் ஈசாக்கின்மேல் கத்தியை ஓங்குவதையும், எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாவதையும், எரிகோ அழிவதையும் பத்து வயதுக்குத் தள்ளி வைக்கிறேன். நோவாவின் பேழையை மட்டும், சிரிக்கும் ஒட்டகச்சிவிங்கிகளோடு, மூன்று வயதுப் பிள்ளைக்கே பொம்மையாகக் கொடுத்துவிடுகிறோம். அதிலும் எத்தனை பேர் மூழ்கினார்கள் என்று எந்தப் பிள்ளையாவது கேட்காமல் இருப்பதில்லை. யோசேப்புக்குப் பலவருணமான அங்கி செய்வது இந்த ஊரில் மிக எளிது, கட்டிங் வேஸ்ட் இல்லாத வீடு இல்லை. பசையும் ஓர் அட்டையும் இருந்தால் அரை மணி நேரம் வகுப்பு அமைதியாக இருக்கும். ஆனால் அங்கியோடு நிறுத்திவிடாமல், யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் முன்னே சத்தமிட்டு அழுகிற ஆதியாகமம் 45ஆம் அதிகாரம்வரை, இரண்டு மூன்று வாரமானாலும், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மனப்பாட வசனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளில் எழுத்துக் கற்றுக்கொடுப்பது பெரிய நோக்கமாக இருந்தது. அவர்கள் வாசித்துப் பழகிய பாடநூல்தான் வேதம். இன்று எங்கள் வகுப்பில் நிலைமை தலைகீழ். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள், ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. வசனப் போட்டிக்காக அம்மாமார் தமிழ் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க, பிள்ளை அதை ஒப்பித்துப் பரிசும் வாங்கிவிடுகிறது. பரிசாகக் கிடைப்பதோ அது வாசிக்க முடியாத தமிழ் வேதாகமம்.

கதையை நீதிபோதனை இல்லாமல் விட்டுவிடுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆசிரியர் முடித்து வைக்காத கதையைப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தானே திறந்து பார்க்க வேண்டும். அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும். ஆகவே இப்போது நீளமான வசனங்களை விட்டுவிட்டு, "இயேசு கண்ணீர் விட்டார்", "தேவன் அன்பாகவே இருக்கிறார்" போன்ற சிறிய வசனங்களைச் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசிக்கச் சொல்கிறேன். வரும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் முதல் அரை மணி நேரத்தைத் தமிழ் வாசிப்புக்கென்று ஒதுக்கித் தரும்படி எங்கள் ஆயரிடம் கேட்டிருக்கிறேன். ஆக்‌ஷன் பாட்டுக்கான நேரம் குறைந்துவிட்டால் வெளியிலிருந்து வருகிற பிள்ளைகள் நின்றுவிடுவார்களோ என்று அவர் தயங்குகிறார். ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம் என்று சொல்லியிருக்கிறார்.